கூரையைக் காட்டிய விரல்

அத்தியாயம் ஒன்பது

லாஞ்சுத் தட்டில் வைத்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்ததும் சரீப் இரண்டு முறை தும்மினான்.

“மௌத்தானவர்ர ஆவி ஏதும் வெளிய வருமெண்டு பாத்தன் சேர். புகையில நெடிதான் வருது.”

துப்பறியும் ஞானசேகரம் சிரிக்கவில்லை. அந்தப் பித்தளைப் பெட்டிக்குச் சொந்தக்காரரான அலியார் தண்டலை மண்ணுக்குள் வைத்து ஒரு கிழமையாகிறது. திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஓடும் லாஞ்சை அரை ஆயுசு காலம் ஓட்டிய மனுசன். அவருடைய மனைவி நபீஸா இப்போது மறியல் சிறையில் இருக்கிறாள். காலைக் கோப்பியில் ஊமத்தம் விதையை அரைத்துக் கலந்து புருசனைக் கொன்றாள் என்று வழக்கு. புருசன் போனபின் வெளி ஆண் முகம் பாராமல் திரைக்குள் இத்தா இருக்க வேண்டிய பெண்ணைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. நாளைக்கு நீதவான் முன்னால் விளக்கம். அங்கிருந்து மேல்கோட்டுக்கு அனுப்பிவிட்டால் அவள் கழுத்துக்குக் கயிறுதான்.

“சேர், இவ்வளவு நாளும் பொலிசார் இந்தப் பெட்டியப் பாக்கவேயில்லையா?”

“அவை வீட்டு வளவில ஊமத்தஞ் செடியைப் பாத்தவை. அது காணும் எண்டு விட்டிட்டினம்.”

“ஊமத்தஞ் செடி கண்டாக் கொலகாரியா? அப்ப எங்கட கிண்ணியாவில பாதிப் பேருக்குத் தூக்கு.”

சரீப் கிண்ணியாக்காரன். ஞானசேகரத்துக்கு உதவியாள், சைக்கிளின் முன் ஆள், வாய் ஓயாத வானொலி எல்லாம் அவன்தான். ஞானசேகரமோ துறைமுகப் பொலிசில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரியின் முகத்துக்கு நேரே உண்மை பேசி வேலையை இழந்தவர். வெள்ளைக்காரன் டொக்யாட்டை விட்டுப் போன வருஷமே அவரும் காக்கியைக் கழற்றினார். நபீஸாவின் தாய் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று அழுத அழுகைக்காக இந்த வழக்கை எடுத்தார். எடுத்த நாளில் இருந்து முட்டுச் சந்துதான்.

காரணம், வழக்கின் முழுப் பாரத்தையும் தாங்கி நின்ற சாட்சி பொய் பேசத் தெரியாத மனுசன் என்று அவரே நம்பியதுதான். அந்தச் சாட்சி அப்போதிக்கரி தம்பையா. ஜெட்டிக்குப் பக்கத்தில் மருந்துச்சாலை வைத்திருப்பவர். ஞானசேகரத்தின் உயிர் நண்பர்.

அன்றைக்கு அலியார் லாஞ்சைக் கொண்டுவந்து ஜெட்டியில் கட்டியதும் சரிந்து விழுந்தார். தம்பையாவின் மருந்துச்சாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தம்பையா கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நின்று பார்த்தார். உள்ளே உயிரோடு போனவர் பிணமாகத்தான் வெளியே வந்தார்.

மரண விசாரணையில் தம்பையா சொன்னது ஞானசேகரத்துக்கு மனப்பாடம். கண்மணி இரண்டும் விரிந்து கிடந்தன. வாய் காய்ந்து போயிருந்தது. ஆளை அடையாளம் தெரியவில்லை. விசர் பிடித்தவன்போலக் கத்தினான். காற்றில் நூல் பிடுங்கினான். கடைசியில் ஒற்றை விரலால் கூரையைக் காட்டியபடியே என்னவோ முணுமுணுத்தான். ஊமத்தை தின்றவனுக்கு வருகிற அத்தனை குணமும் அப்படியே இருந்தது.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு முஸ்லிம் ஆம்பிளையும் இல்லை. பிரேதத்தைப் பார்வையிட்ட விசாரணை அதிகாரி முதலில் அதை அடக்கத்துக்கு விட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் சாட்சி கேட்க உட்கார்ந்தார். மையித்தைக் காக்க வைப்பது அவர்களுக்கு வழக்கமில்லை. சரீப் உட்பட எல்லாரும் சந்தூக்கைத் தோளில் சுமந்துகொண்டு மையவாடிக்குப் போய்விட்டார்கள். தோண்டிப் பார்க்கவும் வேண்டியதில்லை, அப்போதிக்கரி ஐயா சொன்னால் சரிதான் என்று விசாரணை முடிந்தது.

பெட்டியின் அடித்தட்டில் பாக்குச் சீவல்களுக்கு இடையில் ஏதோ வெள்ளையாகத் தட்டுப்பட்டது. சரீப் அதை நகத்தால் நெம்பி எடுத்தான். சீனி பூசிய சின்னக் குளிசை ஒன்று.

“சுண்ணாம்புக் கட்டியெண்டு நெனச்சன் சேர். தண்டல் வெத்திலைக்கு மருந்தும் வெச்சுத் திண்டிரிக்கார்.”

லாஞ்சின் எஞ்சின்காரன் கோணாமலை கைத் துணியால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறி வந்தான். சல்லிக் கிராமத்துக் கரையில் பிறந்தவன், கதை குறைவு.

“அது வயித்துக்குத்தான் ஐயா. தண்டலுக்கு வயித்தில புண். காலமையில மருந்து குடிச்சிட்டுத்தான் லாஞ்சுக்கு வாறவர்.”

“வீட்டிலயோ குடிக்கிறவர்?”

“வீட்டில சொல்லேல்லை. சொன்னால் பெண்சாதி வெத்திலையை நிப்பாட்டிப் போடுமெண்ட பயம். கடையில கலவை மருந்து ஒரு மிடறு. வழியில குத்தினால் போட எண்டு குளிசையும் வைச்சிருந்தவர்.”

“எந்தக் கடை?” என்று கேட்க ஞானசேகரம் வாயெடுத்தார். அதற்குள் சரீப் குறுக்கிட்டான்.

“அண்டைக்கு லாஞ்சுக்குள்ள அவர் எப்பிடி இருந்தார் அண்ணே? விசர்க் கதை ஏதும் கதைச்சாரா?”

“விசரோ?” கோணாமலைக்குக் கோபமே வந்துவிட்டது. “மூதூரால திரும்பேக்க வாயில போட்ட வெத்திலையைத் துப்ப ஏலாமல் கையால வழிச்சுக் கடலில எறிஞ்சவர். வாய் வைக்கோல் மாதிரிக் கிடக்குது கோணா எண்டவர். கிட்டக் கிடக்கிற மணிக்கூட்டு முள்ளும் தெரியேல்லை, எஞ்சின் சூட்டை நான்தான் வாசிச்சுச் சொன்னனான். ஆனால் தூரம் தெரிஞ்சது. கோணேசர் மலையையும் வெளிச்சவீட்டையும் பார்த்துப் பிடிச்சு, மணல் திட்டுக்கு இஞ்சால ஒரு பாகமும் பிசகாமல் கொண்டந்து கட்டினவர். கட்டின பிறகும், கயித்தைச் சரியாப் போடு, அலை இழுக்குது எண்டு எனக்குப் பேசினவர். அதுக்குப் பிறகுதான் கால் மடிஞ்சது.”

“இதைப் பொலிசிட்டச் சொன்னனியோ?”

“வருத்தமா இருந்தவரோ எண்டு கேட்டினம். ஓம் எண்டனான்.”

“மருந்துச்சாலைக் கதவடியில நிண்டனியெல்லோ? உள்ள சத்தம் கேட்டதோ?”

“கேட்கேல்லை. கிறேன் ஓடிக்கொண்டு நிண்டது.” கோணாமலை திரும்பி நடந்தவன் நின்றான். “ஒரு கதை ஐயா. கப்பலுகளில பழுதாப் போன சாமானைத் துறைமுக வாய்க்கு வெளியில கொண்டுபோய் ஆழத்தில போடுற வேலையும் தண்டலுக்கு இருந்தது. முந்தின கிழமை ஒரே புறுபுறுப்பு. கடலில போட வேண்டியதை ஊருக்குள்ள போடுறாங்கள் கோணா, நான் விடமாட்டன் எண்டு. என்னெண்டு கேட்டதுக்குச் சொல்லேல்லை.”

கள்ளத் துணி, சாராயம், ஏதாவது அப்படித்தான் இருக்கும் என்று ஞானசேகரம் அதை மனதின் ஒரு மூலையில் போட்டு வைத்தார். இப்போதைக்குக் கையில் இருந்தது குளிசை. அது என்ன மருந்து என்று தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள அவருக்கு ஒரேயொரு வாசல்தான் தெரியும்.

அந்த வாசல் சாத்திக் கிடந்தது.

“அப்போதிக்கரி ஐயா பகல் சோறு திண்டு படுத்தாரெண்டா, துறைமுகத்துச் சங்கை அவர்ர காதில ஊதினாலும் எழும்ப மாட்டார்,” என்றான் சரீப்.

“எழுப்பாதே. பாவம், களைச்ச மனுசன்.”

ஞானசேகரத்தின் குரல் இளகியது. அவர் மனைவி பூரணம் சளிக்காய்ச்சலில் கிடந்த மாரியில், தம்பையா குடை பிடித்துக்கொண்டு நாள் தவறாமல் வந்து பென்சிலின் ஊசி போட்டார். பூரணம் பிழைக்கவில்லை. அது விதி. ஆனால் கடைசி நாள் ஞானசேகரம் காசை நீட்டியபோது தம்பையா கையைத் தள்ளிவிட்டார். “உமக்கும் எனக்கும் இடையில காசோ காணும்?” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஏழேழு பிறப்பிலும் கடன்பட்டவன் என்று ஞானசேகரம் நினைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப பெரியாஸ்பத்திரிக்கு விடு சைக்கிளை.”

டொக்டர் இரத்தினேஸ்வரி குளிசையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு சீனிப் பூச்சைக் கத்தி முனையால் சுரண்டி நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார். முகம் சுளித்தது.

“கச்சல். வயித்துப்புண்காரருக்குக் குடுக்கிற குளிசை. ஆற்ற வயிறு நோகுது?”

“நோகிற வயிறு மண்ணுக்குள்ள, டொக்டர்,” என்றான் சரீப்.

“இதை அளவுக்கு மிஞ்சிக் குடிச்சால் என்ன நடக்கும்?” என்று கேட்டார் ஞானசேகரம்.

“வாய் வரளும். கண்மணி விரிஞ்சு கிட்டத்து எழுத்துத் தெரியாது. நெஞ்சு படபடக்கும்.”

“ஊமத்தை மாதிரி.”

“அச்சொட்டாய் அப்பிடித்தான். நாங்கள் நினைக்காமலே எங்கட உடம்பில ஓடுற வேலையள் இருக்கெல்லோ? எச்சில் ஊறுறது, கண்மணி சுருங்கிறது, இதயம் அடிக்கிறது. அதுக்கெண்டு ஒரு நரம்புக் கூட்டம் இருக்கு. அது அனுப்புற சேதியை வாங்கிற வாசலில போய் இந்த மருந்து குந்திக்கொள்ளும். சேதி உள்ள போகாது. ஊமத்தைச் சரக்கும் அந்த வாசலிலதான் குந்துறது. ரெண்டுக்கும் உருவம் கிட்டத்தட்ட ஒண்டு.”

“அப்ப இதைக் குடிச்சாலும் விசர் வரும்.”

“வராது.”

ஞானசேகரம் நிமிர்ந்தார். “ஏன் வராது?”

டொக்டர் கீழே கிடந்த சுண்ணக்கட்டியை எடுத்து மேசைப் பலகையிலேயே கீறினார். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து மூன்று கோடு.

“இது நைதரசன். ஊமத்தைச் சரக்கில இதுக்கு மூண்டு கை. மூண்டிலயும் காபனைப் பிடிச்சுக்கொண்டிருக்கு. குளிசை செய்தவங்கள் என்ன செய்தவங்கள் எண்டால், நைதரசனுக்கு நாலாவது கையொண்டை நீட்ட வைச்சு, அதிலயும் ஒரு காபனைக் கட்டிப்போட்டாங்கள்.” நாலாவது கோடு விழுந்தது. “அந்த நாலாவது கை வந்த உடனை அதுக்கு ஒரு மின்னேற்றம் வந்திடும். பிறகு போகவே போகாது. மின்னேற்றம் உள்ளது உப்பு மாதிரி. நல்லெண்ணெய்க்குள்ள உப்பைப் போட்டால் கரையுமோ?”

“எங்கட ராத்தா கரைக்கப் பார்த்தவ, டொக்டர். அண்டைக்குக் கறி வாயில வைக்க ஏலா.”

“மூளைக்குப் போற இரத்தக் குழாயின்ர சுவர் எண்ணெய்த் தன்மையான சுவர், தம்பி. மூண்டு கைக்காரன் அதில வழுக்கிக்கொண்டு உள்ள போயிடுவான். போய்ப் புத்தியைக் குழப்புவான். நாலு கைக்காரனுக்கு அந்தச் சுவரைத் தாண்ட ஏலாது.”

“நாலு கையெண்டா உங்கட சாமிமாரெல்லோ? சாமிக்கே உள்ள போக ஏலாதா?”

“பிள்ளையார் எங்கயிருக்கிறவர்? வாசலிலதானே,” என்றார் டொக்டர் சிரிக்காமல்.

ஞானசேகரத்துக்கு மட்டும் அந்த நாலாவது கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. “ரெண்டும் சேர்ந்திருந்தால்? கோப்பியில ஊமத்தை, பிறகு இந்த மருந்து?”

“ஊமத்தை எண்டால் கண்ணையும் வாயையும் பிடிக்கேக்கயே தலையையும் பிடிச்சிருக்கும். வாய் வரண்ட பிறகு அந்த ஆள் எப்பிடி இருந்தவர்?”

“லாஞ்சை ஓட்டினவர். மணல் திட்டுக்குத் தப்பி.”

“அப்ப ஊமத்தை இல்லை. முழுக்க இந்தக் குளிசைதான்.” டொக்டர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். அவர் குரல் தணிந்தது. “நாலு கைக்காரனிட்ட இன்னொரு குணம் இருக்கு. அளவு நல்லா மிஞ்சினால் தசைக்குப் போற சேதியையும் மறிப்பான். முதல் கால் மடியும். பிறகு குரல் போகும். கடைசியில மூச்சும் நிண்டிடும். ஆனால் மூளைக்குள்ள போகாததால எல்லாம் தெளிவா விளங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஆள் பாவம் ஐயா.”

வெளியே வந்ததும் சரீப் சைக்கிளில் ஏறவில்லை, கூத்தாடினான். “நபீஸா ராத்தா தப்பிட்டா சேர்! கோப்பியில ஒண்டுமில்ல! நாளைக்கு டொக்டரைக் கூட்டிப் போய் அந்த நாலு கையைக் கீறிக் காட்டினா, கோட்டுக்குப் பூட்டுப் போட்டிட்டு நீதவானும் வீட்ட போகலாம்!”

“ஓம்,” என்றார் ஞானசேகரம்.

“ஏன் சேர் முகம் இப்பிடிப் போச்சு?”

ஞானசேகரம் நேரே தேநீர்க் கடைக்குள் போய் வாங்கில் உட்கார்ந்தார். கால் தானாகப் போனது. துப்பறிகிறவனுக்கு விடை கிடைத்தால் மகிழ்ச்சி வர வேண்டும். அவருக்குக் கிடைத்த விடையோ, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே ஆளின் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. குளிசையால் விசர் வராது. ஊமத்தை உள்ளே போகவில்லை. அப்படியென்றால் அலியாருக்கு விசர் வந்தது என்று சொன்னவன்?

“அவருக்குப் பிழையா விளங்கியிருக்கும் சரீப். செத்துக்கொண்டிருக்கிற ஆள் இழுத்துப் பறிச்சிருப்பார். தம்பையா அதைப் பார்த்து விசரெண்டு நினைச்சிருப்பார்.”

“அப்போதிக்கரி ஐயா அண்டைக்கு என்னதான் சொன்னார் சேர்? நான் மையவாடியில நிண்டன். விசரெண்டு சொன்னார் எண்டுதான் கேள்வி.”

ஞானசேகரம் மனப்பாடத்தை ஒப்புவித்தார். சரீப் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொன்னான். கத்தினான் என்றதும், “குரல் போன பிறகா? அப்ப வாடகைக்கு ஆள் பிடிச்சுத்தான் கத்தியிரிக்கணும்” என்றான். காற்றில் நூல் பிடுங்கினான் என்றதும், “தூக்க ஏலாத கையால நூலா? நல்ல தையல்காரன்” என்றான்.

“கடைசியில ஒற்றை விரலால கூரையைக் காட்டிக் காட்டி முணுமுணுத்தவராம்.”

சரீப் கிளாஸை வாங்கில் வைத்தான். அவன் முகத்தில் இருந்த குறும்பெல்லாம் வடிந்து போவதை ஞானசேகரம் பார்த்தார்.

“எந்த விரல் சேர்?”

“எந்த விரலெண்டு சொல்லேல்லை. கூரையைக் காட்டினதெண்டால் சுட்டு விரலாத்தான் இருக்கும். ஏன்?”

சரீப் தன் வலது கையை மடியில் வைத்தான். மற்ற விரல்களை மடித்துச் சுட்டு விரலை மட்டும் மெல்ல நிமிர்த்தினான். உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

“கலிமா சேர்,” என்றான். “மௌத்தாகப் போற நேரம் அத ஓதி முடிச்சிரணும். அல்லாஹ் ஒருத்தன்தான் எண்டு விரல நிமித்திக் காட்டுவம். அவர்ர நாக்குக் காஞ்சு போச்சு. குரல் இல்ல. கை கால் இல்ல. அந்த ஒரு விரல்தான் மிஞ்சியிருந்திரிக்கி. அத வெச்சு அவர் கூரையக் காட்டல்ல சேர்.” அவன் கண் கலங்கியது. “என்ன நடக்குதெண்டு அவருக்கு நல்லாத் தெரிஞ்சிரிக்கி.”

விசாரணைக் கட்டடத்தில் அந்தச் சாட்சியத்தைக் கேட்டுத் தலையை ஆட்டியவர்களில் ஞானசேகரமும் ஒருவர். தம்பையா சொன்ன பொய்களுக்கு நடுவில் மெய்யாக நடந்தது அது ஒன்றுதான். அதன் பொருள் தெரியாத மனுசன், விசருக்கு அத்தாட்சி இன்னொன்று கிடைத்தது என்று தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டான். பொருள் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த நேரம் கபுறடியில் மண் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

கூட இருந்து குழி பறிப்பது என்று ஊரில் சொல்வார்கள். தனக்கு அது நடக்குமட்டும் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பாரம் என்று ஒருவனுக்கும் தெரியாது.

“எழும்பு,” என்றார். “கதவு திறந்திருக்கும்.”

தம்பையா நித்திரையால் எழும்பி முகம் கழுவி, திருநீறு பூசி, மருந்து மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். ஞானசேகரத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி பொய்யில்லை. அதுதான் கொடுமை.

“வாரும் காணும், இரும். தேத்தண்ணி போடட்டோ?”

“வேண்டாம். ஒரு குளிசை கிடைச்சது. அலியாற்ற பெட்டிக்குள்ள.” அவர் அதை மேசையில் வைத்தார்.

தம்பையா குனிந்து பார்க்கவில்லை. தூர இருந்தே கண்டுகொண்டார். “ஆற்ற கடையிலயோ வாங்கியிருப்பான்.”

“இந்தத் துறைமுகப் பக்கத்தில வேற ஆற்ற கடை இருக்கு? காலமையில ஒவ்வொரு நாளும் ஒரு மிடறு கலவை மருந்து குடிக்க வந்தது எங்க? விசாரணையில அவர் உம்மட நோயாளி எண்டு நீர் ஒரு சொல்லும் சொல்லேல்லை.”

“மறந்து போச்சுது.”

“அண்டைக்கு அவர் கத்தினவரோ தம்பையா?”

“கத்தினவன்.”

“மூச்சுவிட ஏலாத ஆள் எப்பிடிக் கத்தினவர்? நைதரசனுக்கு நாலு கையெண்டால் அது தலைக்குள்ள போகாதெண்டு இண்டைக்குத்தான் நான் படிச்சனான். நீர் எப்பவோ படிச்சிருப்பீர். காலமைக் கலவைக்குள்ள இந்தக் குளிசையை அரைச்சுப் போட்டால் கண்ணும் வாயும் ஊமத்தை மாதிரிப் போகும், விசர் மட்டும் வராது. அந்தக் குறையை நீர் உம்மட வாயால நிரப்பினீர்.”

தம்பையா ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திறந்து, திரும்ப மூடினார். “இதெல்லாம் கதை, சேகரம். அவன் விசரில கூரையைக் காட்டினதை நான் என்ர கண்ணால கண்டனான். அதுக்கு என்ன சொல்லுறீர்?”

“சரீப், காட்டு.”

சரீப் வலது கையின் சுட்டு விரலை நிமிர்த்தினான். “இப்பிடியா ஐயா?”

“இப்பிடித்தான்! கூரையில என்னவோ இருக்கிற மாதிரி.”

“கூரையில ஒண்டுமில்ல ஐயா. எங்கட ஆக்கள் சாகிற நேரம் இப்பிடித்தான் அல்லாஹ்வை நினைக்கிற. அவர் நல்ல புத்தியோட இருந்திரிக்கார். உங்கட முகத்தப் பாத்துக்கொண்டு இருந்திரிக்கார்.”

தம்பையா அந்த விரலையே பார்த்தார். அவருடைய முகத்தில் நிறம் இறங்கிக்கொண்டு போனது.

“எனக்குத் தெரியாது,” என்றார். “அப்பிடியெண்டு எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தால் சொல்லியிருக்க மாட்டீர்.” ஞானசேகரம் எழுந்து, மூலையில் நின்ற கண்ணாடி அலுமாரியைத் திறந்தார். எத்தனை மாலை அந்த அலுமாரிக்கு முன்னால் இருந்து இருவரும் கதையளந்திருப்பார்கள்! ஊசி மருந்துக் குப்பிகள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திகதி இருந்த இடம் கத்தியால் சுரண்டப்பட்டிருந்தது. தகர மூடியில் உப்புக் காற்றுத் தின்ற துரு. அடியில் கப்பல் மருந்துப் பெட்டியின் முத்திரை பாதி தெரிந்தது.

கடலில் போட வேண்டியதை ஊருக்குள்ள போடுறாங்கள். மூலையில் போட்டு வைத்த சொல் இப்போதுதான் எழுந்து வந்து முன்னால் நின்றது.

“அழிக்கச் சொல்லிக் கப்பல்காரர் உம்மட்டத் தந்த காலம் கடந்த மருந்து. ஆழத்தில போடச் சொல்லி அலியாரிட்ட வெறும் பெட்டியைக் குடுத்திட்டு, உள்ளடக்கை இஞ்ச வைச்சு வித்திருக்கிறீர். பெட்டி இலேசாக் கிடக்குதெண்டு அந்த மனுசன் கண்டுபிடிச்சிட்டார்.”

“பெரிய டொக்டரிட்டச் சொல்லுவன் எண்டு நிண்டவன், சேகரம்!” அடக்கி வைத்திருந்தது உடைந்து வெளியே வந்தது. “எவ்வளவு கெஞ்சினனான்! என்ர மூண்டு பெட்டையளுக்கும் கலியாணம் முடியேல்லை எண்டு சொன்னனான். கேட்டவனோ? ஆருக்கு என்ன நடந்தது? நஞ்சோ வித்தனான்? வீரியம் கொஞ்சம் குறைஞ்ச மருந்து, அவ்வளவுதான்!”

“நபீஸா?”

“அவளை விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சனான். ஊமத்தை எங்கயும் கிடக்கிற செடி. தவறுதலா விழுந்ததெண்டு முடியுமெண்டு நினைச்சனான்.”

“பொலிஸ் ஜீப்பில ஏத்தேக்க வாசலில நிண்டு பாத்தனீர்தானே?”

தம்பையா மேசையைச் சுற்றி வந்து ஞானசேகரத்தின் கையைப் பிடித்தார். வழக்கமாகப் பிடிக்கிற அதே பிடி.

“சேகரம், இது உமக்கும் எனக்கும் இந்தப் பொடியனுக்கும்தான் தெரியும். அவளுக்காகக் கோட்டில பேச நல்ல அப்புக்காத்துப் பிடிப்பம். செலவு என்ர. இந்தக் குப்பியளை இண்டைக்கே கடலில கொட்டிவிடுறன். எங்கட பழக்கத்தை யோசியும். பூரணம் கிடந்த நேரம் உம்மட வாசலுக்கு ஆர் வந்தது? மழையெண்டு பாராமல் நாள் தவறாமல் ஊசி போட்டது ஆர்? சொல்லும்!”

ஞானசேகரம் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மற்றக் கையிலிருந்த குப்பியைத்தான் பார்த்தார். உதறினார். அடியில் மஞ்சளாக உறைந்து கிடந்த தூள் அசையவே இல்லை.

பூரணத்துக்கு ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கும் என்று தம்பையா சொன்னார். இறங்கவில்லை. இன்னும் ஒன்று போட்டால் இறங்கும் என்றார். அதுவும் இறங்கவில்லை. அவள் இருமி இருமி, தம்பையா அண்ணை இருக்கிறார், எனக்கு ஒண்டும் நடக்காது என்று சொல்லிச் சொல்லியே போனாள்.

“சரீப்,” என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. “முதல் டொக்டரிட்டப் போ. கையோட கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போ. போற வழியில நபீஸாவின்ர தாயைக் கண்டு, மகள் வீட்ட வந்து மிச்ச இத்தாவை இருப்பாள் எண்டு சொல்லு.”

சரீப் முதல் தடவையாக மறுமொழி ஒன்றும் சொல்லாமல் ஓடினான். சைக்கிள் மணி ஜெட்டிப் பக்கம் தேய்ந்து போனது.

அறைக்குள் இரண்டு பேர்தான் நின்றார்கள். அலியாரும் இதே அறையில்தான் கிடந்தார்.

“தம்பையா, ஒண்டு கேக்கிறன். பூரணத்துக்குப் போட்ட ஊசி மருந்து இந்த அலுமாரிக்குள்ள இருந்தோ எடுத்தனீர்?”

தம்பையாவின் பிடி தளர்ந்தது. அவர் அலுமாரியைப் பார்த்தார், பிறகு ஞானசேகரத்தைப் பார்த்தார். கடைசியில், நியாயம் ஒன்று கிடைத்துவிட்டவர்போலச் சொன்னார்:

“அதுக்கு நான் உம்மட்டக் காசு வாங்கேல்லைத்தானே, சேகரம்?”